தாய்மாமன் மடி

வள்ளிக்கண்ணு கட்டிய இலைக்கட்டு மார்க்கெட் போய்ச் சேருகிறவரை அவிழாது என்று மேலூரில் பேர். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழைதான். பனி ஈரம் காய்வதற்குள் இலையை அறுத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மடிக்கும்போது கிழிந்துபோகும். அதனால் விடிகிற நேரத்துக்கே அவள் புருஷன் அழகிரி அரிவாளோடு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவான். அவன் அறுத்துப் போடப் போட இவள் பின்னாலேயே பொறுக்கி, நுனியிலை தனி, நுனியில்லாத ஏடு தனி என்று பிரித்து, நடுநரம்பை முழங்காலில் கொடுத்து ஒரே அழுத்தில் மடிப்பாள். சருகு வைத்து மூடி, நாரைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவாள். அவளிடம் இருந்த மூன்று சேலையிலும் வாழைக்கறை படாத இடம் கிடையாது.

ஏழு மாத வயிற்றோடும் இலை கட்டினாள். மாமியார் மாரியாயிதான் ஒருநாள் கட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "போதும், வீட்டுல போய் உக்காரு" என்று விரட்டினாள்.

கலியாணமாகி நாலாவது வருஷம், ஐம்பத்தேழு ஆடியில், காவிரியில் புதுத்தண்ணீர் வந்த வாரத்தில் ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அம்மா இல்லை. அப்பா முசிறியில் இரண்டாம் தாரத்தோடு இருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு துண்டும் கொண்டுவந்து பேரனைப் பார்த்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிப் போனார். பிள்ளைக்கு அழகிரி தன் தகப்பன் பெயரை வைத்தான், செல்லக்கண்ணு என்று.

மாரியாயி குறையில்லாமல் பார்த்தாள். பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடுமாகப் பத்தியம் வைத்தாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, கால்மேல் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் தூளியில் போட்டாள். பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். வள்ளிக்கண்ணு தூளிக்குப் பக்கத்தில், அவள் விட்டுப்போன இடத்திலேயே, சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.

"ஏன் வள்ளி, புள்ளைதான் தூங்குதுல்ல? நீயும் செத்தக் கண்ணசந்தா என்னா?"

"கண்ண மூடுனா பயமா இருக்கு அத்தை."

"என்னா பயம்?"

"தெரியல. மூச்சு விடுதா விடுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு."

"பச்சை ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். நானும் அஞ்சு பெத்தவதான். பத்தாம் நாளு களையெடுக்கப் போயிட்டேன்."

வள்ளிக்கண்ணு தூளிக்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "இதப் பாத்தா எனக்கு எம்புள்ளைன்னே தோண மாட்டேங்குது அத்தை. ஊரான் புள்ளைய யாரோ கொண்டாந்து போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

மாரியாயி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். "வாயக் கழுவு மொதல்ல. நாலு வருஷம் தவங்கெடந்து பெத்துட்டுப் பேசற பேச்சா இது? காதுல விழுந்தா எவளாச்சும் கண்ணு வெச்சிட்டுப் போயிருவா."

அன்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வள்ளிக்கண்ணு அதற்கப்புறம் மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை.

இருபது நாள் போனது. பிள்ளை பால் குடித்தது, சதை பிடித்தது. அவள் மட்டும் இளைத்தாள். பால் கொடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் மத்தியானம் அழகிரி மார்க்கெட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே கேட்டாள்:

"ஏங்க, அந்த அருவாளை இனிமே வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

கூரை இறவாரத்தில் செருகியிருந்த இலையரிவாளை அவன் அண்ணாந்து பார்த்தான். "ஏன், அதுக்கென்னா?"

"தோட்டத்துலயே எங்கனாச்சும் வெச்சிட்டு வாங்க."

"எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான் புள்ள."

"போனாப் போவுது."

அழகிரி சிரித்தான். "புள்ளை பெத்ததும் அருவாளக் கண்டா பயம் வந்திருச்சா? நீதானே எனக்கே அதத் தீட்டிக் குடுப்பே?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த அரிவாள் கண்ணில் படும்போதெல்லாம் தன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் நடந்துவிடுமோ என்று இருந்தது. கேட்டால் இந்த மனுஷன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்றும் இருந்தது. "இல்ல, சும்மாதான்" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள். அவன் நல்லவன். அவள் சொன்னதற்காக எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகையில் வைத்தான். மூன்றாம் நாள் கைப்பழக்கத்தில் அரிவாள் மறுபடி இறவாரத்துக்கே வந்துவிட்டது.

பிரசவம் பார்த்த நர்ஸ் அக்னஸ் முப்பதாம் நாள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். பாலக்கரையில் வீடு. பஸ்ஸில் வந்து, வெயிலில் குடையோடு வாய்க்கால் கரையில் நடந்து வருவாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. பிறகு வள்ளிக்கண்ணுவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்த்தாள். மாரியாயியைக் குடிக்க மோர் கேட்டு உள்ளே அனுப்பினாள்.

"கடைசியா நீ எப்பம்மா தூங்குனே?"

வள்ளிக்கண்ணு யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"சாப்பாடு?"

"எறங்க மாட்டேங்குது."

"மனசுல எதாவது தப்பு தப்பா ஓடுதா? என்கிட்ட சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

வள்ளிக்கண்ணுவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "எங்கை என் கையா இல்லம்மா. அதப் பாத்தாலே பயமா இருக்கு" என்றாள். அதற்குள் மாரியாயி மோரோடு வந்துவிட்டாள்.

அக்னஸ் தோட்டத்துக்கே போய் அழகிரியைப் பிடித்தாள். "இங்க பாருங்க, இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. புள்ளை பெத்த பொம்பளைங்க சில பேருக்கு இப்படி வரும். காய்ச்சல் மாதிரிதான். வரும், பாத்துக்கிட்டாப் போயிடும். அவளத் தனியா விடாதீங்க. ராத்திரி புள்ளைய உங்கம்மா பக்கத்துல போட்டுக்கட்டும், அவ தூங்கட்டும். வர்ற திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"சரிங்கம்மா" என்றான் அழகிரி. அவனுக்கு அந்த நேரம் தலைக்கு மேல் வேலை. ஆவணி முகூர்த்தம், தொடர்ந்து மூன்று நாள். திருச்சியில் எந்தச் சத்திரமும் காலியில்லை. மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக இலை கேட்கிறார்கள். வள்ளிக்கண்ணு இல்லாததால் மாரியாயிதான் இலை மடித்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். கடைசிக் கட்டைத் தூக்கிவிட்டு அழகிரி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அடுத்த தோட்டத்துக்குள்ளிருந்து பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பூனை இல்லை என்று தெரிந்ததும் வரப்பைத் தாண்டி ஓடினான்.

வாழைகளுக்கு நடுவில் சருகைக் குவித்து, அதன்மேல் தலைவாழை இலையை விரித்து, இலையின்மேல் பிள்ளை கிடந்தது. வள்ளிக்கண்ணுவின் பழஞ்சேலைத் துணி பாதி விலகியிருந்தது. கழுத்து மடிப்பிலும் காதோரத்திலும் சுள்ளெறும்பு மொய்த்திருந்தது. கத்திக் கத்திப் பிள்ளைக்குக் குரல் போயிருந்தது.

அவன் பிள்ளையை வாரி எடுத்து, வாயால் ஊதி ஊதி, விரலால் வழித்து வழித்து எறும்பைத் தள்ளினான். வாய்க்கால் தண்ணீரில் நனைத்த துண்டால் சுற்றினான். "அம்மா, அம்மா" என்று மாரியாயியைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினான். வீட்டுக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"வள்ளி! கதவத் தொற!"

"புள்ளை ஒங்ககிட்ட இருக்கா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "நல்லா இருக்கா?"

"கதவத் தொறடி!"

"மாட்டேன். அத இங்க கொண்டாராதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், தூரமாத் தூக்கிட்டுப் போயிருங்க."

தோளால் மோதிக் கதவைப் பெயர்த்தான். அவள் மூலையில் குந்தியிருந்தாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தாள். தன் கையைத் தானே பல்லால் கடித்து இழுத்துக் கட்டிய கட்டு. பின்னால் ஓடிவந்த மாரியாயியால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அறுக்கலாம் என்று இறவாரத்தைப் பார்த்தால் அரிவாள் அங்கே இல்லை. அறுப்பு முடிந்து அவன் செருகிவிட்டுப் போனதும் வள்ளிக்கண்ணு அதை எடுத்துக் கிணற்றில் போட்டிருந்தாள். கடைசியில் மாரியாயி அடுப்பங்கரையிலிருந்து அரிவாள்மனையைக் கொண்டுவந்து, நாரை அறுத்தாள்.

ஊர் கூடிவிட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள். அழகிரி எதையும் கேட்கவில்லை. பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் லால்குடியிலிருந்து அவன் அக்கா அமிர்தம் வந்தாள். கலியாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் சின்னையன் அரிசிமில்லில் நெல் அவிக்கிற வேலை. அமிர்தம் வந்து, வீங்கிய கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவி, பிள்ளையைத் தோளில் போட்டாள். அது அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

அக்னஸ் விஷயம் தெரிந்து ஓடிவந்தாள். "புள்ளையப் பிரிக்காதீங்க" என்றாள். "பக்கத்துல ஒரு ஆள் இருந்து, அவ பால் குடுக்கட்டும். இன்னைக்கே டாக்டர்கிட்ட போவோம். யோசிச்சுப் பாருங்க, அவ புள்ளைய என்னா பண்ணா? தன்கிட்டேருந்து தூரமா வெச்சா. தன் கையக் கட்டிக்கிட்டா. புள்ளைமேல பாசமில்லாதவ செய்யற காரியமா இது?"

"ஒரு நிமிஷம் அந்த ஆளு கண்ணசந்துட்டா?" என்று கேட்டான் அழகிரி.

கடைசியில் இரண்டும் கெட்டானாக முடிவு செய்தார்கள். அக்னஸோடு போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டித் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கினார்கள். பிள்ளை லால்குடிக்குப் போனது. வள்ளிக்கண்ணுவை மாரியாயி ஒரு மண்டலம் தங்கவைக்கக் குணசீலத்துக்குக் கூட்டிப்போனாள். மனசு சரியில்லாதவர்களைப் பெருமாளிடம் கொண்டுவந்து விட்டு, நாற்பத்தெட்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

போன மூன்றாம் நாள் வள்ளிக்கண்ணுவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாக இறுகி, குளிர்காய்ச்சல் வந்தது. மாரியாயி கோயில் வாசலில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து, தலையில் வைக்கிற பூவை மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அப்படித்தான் செய்வார்கள். பூ மாற்ற மாற்ற, ஒரு வாரத்தில் பால் நின்றது.

"வத்திப்போச்சா அத்தை?" என்று கேட்டாள் வள்ளிக்கண்ணு.

"ம்."

"அவன் என்னா குடிப்பான்?"

வந்ததிலிருந்து பிள்ளையைப் பற்றி அவள் கேட்ட முதல் வார்த்தை அது. மாரியாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆட்டுப்பால் குடிக்கிறானாம். நல்லா இருக்கானாம்" என்றாள்.

தினமும் விடியக்காலம் ஆற்றில் குளித்து ஈரச்சேலையோடு சன்னதிக்குப் போனார்கள். உச்சிப் பூசையில் முகத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். வள்ளிக்கண்ணு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். முதல் பத்து நாள் பெரும்பாலும் தூக்கம்தான். பெருமாள் குணமாக்கினாரா, மாத்திரை குணமாக்கியதா, யாரும் எழுப்பாமல் விட்ட தூக்கம் குணமாக்கியதா என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை பிடித்தபோது அவள் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

ஒரு மழைநாள், சத்திரத்துத் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயி கீரை ஆய்ந்துகொண்டே, எதிரே பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு மூணாவது ஒண்ணு பொறந்துச்சு. அழகிரிக்கு மூத்தது. அமிர்தத்துக்கு எளையது."

"அது தங்கலேன்னு சொல்லியிருக்கீங்க."

"அது மொகத்த நான் ரெண்டு மாசம் பாக்கலடி. பால் குடுப்பேன், சுவத்தப் பாத்துக்கிட்டு. நீ குடுத்தியே, அதே மாதிரி. ஒன்னய அப்படிப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் வாயப் பொத்துனேன்."

கீரைத்தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள்.

"வயித்தால போயி செத்துச்சு. நான் மொகத்தப் பாக்காததாலதான் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஒங்க மாமனார்கிட்டகூட."

வள்ளிக்கண்ணு நகர்ந்து வந்து மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்தாள். மழை விடுகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

மண்டலம் முடிந்ததும், ஐப்பசியிலேயே மேலூர் திரும்பினார்கள். வள்ளிக்கண்ணு தோட்டத்தில் இறங்கி இலை கட்டினாள். கை பழைய கையாக ஆகியிருந்தது. அழகிரி அவளைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், ஸ்ரீரங்கத்திலிருந்து அல்வா வாங்கிவந்தான். ஆனால் "போய்ப் புள்ளையக் கூட்டிட்டு வந்துருவமா?" என்று அவள் கேட்டால் மட்டும், "தை பொறக்கட்டும்" என்றான். தை பிறந்ததும், "பனியா இருக்கு, போவட்டும்" என்றான்.

மாசியில் அவள் அவனைக் கேட்காமல் மாரியாயியோடு லால்குடிக்குப் பஸ் ஏறினாள்.

அமிர்தத்தின் வீடு மில்லுக்குப் பின்னால் இருந்தது. தெருவெல்லாம் அவித்த நெல் வாசனை. களத்தில் காயும் நெல்லுக்குப் பக்கத்தில், ஏழு மாதப் பிள்ளை கவிழ்த்துப்போட்ட நெல் அளக்கிற மரக்காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வள்ளிக்கண்ணு ஓடிப்போய்த் தூக்கினாள். அது அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுது, உடம்பை வில்லாக வளைத்து அமிர்தத்தின் பக்கம் தாவியது.

"ஆளு புதுசுல்ல" என்று அமிர்தம் வாங்கிக்கொண்டாள். வாங்கிய உடனே அழுகை நின்றது.

காபி குடித்தார்கள். வள்ளிக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, நான் இப்ப நல்லா இருக்கேன். புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

அமிர்தம் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"மார்கழியில இதுக்கு மாந்தம் வந்துச்சு, தெரியுமா ஒனக்கு? பாலு ஒத்துக்கல. பதினோரு நாளு. கையில எடுத்தா துணி மாதிரி தொவளும். கருமாரி அம்மனுக்கு வேண்டிக்கிட்டு, பிச்சையா வந்த முத்துன்னு பிச்சைமுத்துன்னு பேர் வெச்சேன். எங்க வீட்டுக்காரரு மில்லுக்குப் போவல. நான் மடிய விட்டு எறக்கல. பன்னெண்டாம் நாளு கண்ணத் தொறந்து சிரிச்சுது."

"ஒங்களுக்கு நான் ஏழு சென்மத்துக்கும் கடம்பட்டிருக்கேன் அண்ணி."

"நீ நல்லவ. ஒம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா போன தடவை தம்பி வந்தப்ப என்கிட்ட என்னா சொன்னான் தெரியுமா? 'அக்கா, வள்ளி வந்து கேட்டாலும் நானா வந்து சொல்றவரைக்கும் குடுக்காதே'ன்னான்."

மாரியாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் கெடக்கான். பெத்தவ கேக்குறா, குடு."

"ஒம் மவன் வந்து சொல்லட்டும்மா" என்றாள் அமிர்தம். "அவன் வந்து, 'தூக்கிக் குடு அக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் குடுத்துட்டு, கெணத்துல விழுந்தாலும் விழுந்துக்கறேன். நான் சாகற வரைக்கும் இது என்கிட்டயே தங்கும்னா நெனச்சேன்?"

இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை தோட்டத்தில், அவன் அறுக்க அவள் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் நின்று, மடித்த இலையைக் கீழே வைத்தாள்.

"குடுக்காதேன்னு அண்ணிகிட்ட சொன்னீங்களாமே."

அவன் அறுப்பதை நிறுத்தினான். திரும்பவில்லை.

"என்னய நம்பலியா நீங்க?"

"ஒன்னய நம்புறேன் வள்ளி. அன்னைக்கு வந்துச்சே, அதத்தான் நம்பல."

"அது போயிடுச்சுங்க."

"எப்ப வரும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கண்ண மூடுனா அந்த எறும்புதான் தெரியுது. இந்த வெரலால வழிச்சேன். காதுக்குள்ள ஒண்ணு போயிருந்துச்சு."

"அன்னைக்கு அவனக் காப்பாத்துனது நாந்தாங்க" என்றாள் அவள். "என்கிட்டேருந்து நாந்தான் காப்பாத்துனேன். எனக்கு வேற வழி தெரியல. ஒங்ககிட்ட அருவாள எடுங்கன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அழகிரி அடுத்த இலைக்குக் கையை நீட்டினான்.

அக்னஸும் ஒருமுறை வந்து அவனிடம் பேசிப் பார்த்தாள். "அவ சொகமாயிட்டா. இதுக்கு மேல புள்ளைய அங்க வெச்சிருக்கறதுதான் பாவம்" என்றாள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பாக்கலாம்மா, ஒரு வயசு ஆவட்டும்" என்றான். ஒரு வயது ஆனது. பிறகு, நடை பழகட்டும் என்றான். கொடுமைக்காரனாக இருந்திருந்தால் வள்ளிக்கண்ணு சண்டை போட்டிருப்பாள். அவன் பயந்தவன். அந்தப் பயம் அவளுக்குள்ளும் ஒரு மூலையில் இருந்தது. ஒருவேளை மறுபடி வந்தால்? அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அவள் ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போனாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை லால்குடி போனாள். பழமோ, பொரிகடலையோ, பனங்கிழங்கோ முந்தானையில் இருக்கும். பிள்ளை தவழ்ந்ததையும் நடந்ததையும் அங்கேதான் பார்த்தாள். பேச ஆரம்பித்தபோது அது அமிர்தத்தை அம்மா என்றது. அமிர்தம் திருத்தவில்லை. தம்பி பொண்டாட்டியைக் காட்டி, "யாரு வந்திருக்கா பாரு" என்பாளே தவிர, யாரென்று சொல்லமாட்டாள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்து அதுவே ஒருநாள் "அத்தை" என்றது. உறவுமுறைப்படி பார்த்தால் அதில் தப்பொன்றும் இல்லை. அமிர்தம் பெற்ற பிள்ளையாக இருந்தால் அவளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அன்று வள்ளிக்கண்ணு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், மில் சுவருக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

அறுபதாம் வருஷம் தை மாதம் சமயபுரத்தில் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாகச் சின்னையன் வந்து சொன்னார். மேல்துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "மாப்ளே, தாய்மாமன் மடியிலதான் வெச்சுக் குத்தணும். அமிர்தத்துக்கு வேற கூடப்பொறந்தவன் யாரு இருக்கா? ஊருக்கு முன்னாடி நீதான் ஒக்காரணும்."

அழகிரி தலையை ஆட்டினான். வள்ளிக்கண்ணு உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தாய்மாமன் சீர் எடுக்கத் திருச்சிக்கு அவளே அவனோடு போனாள். சின்னக்கடைத் தெருவில் சட்டை எடுத்தாள். பிள்ளைக்கு அளவு எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டபோது, தன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்து, "இவ்வளவு இருப்பான்" என்றாள்.

சமயபுரத்தில் அன்று நல்ல கூட்டம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையைக் கொண்டுவந்து அழகிரி மடியில் உட்காரவைத்தார்கள். பிள்ளை மாமனை நன்றாகத் தெரிந்தவன்தான், மிட்டாய் வாங்கித் தருகிற மாமா. கழுத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டரை வருஷத்தில் அழகிரி அவனை இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்ததில்லை. பிள்ளையின் சூடு தொடையில் ஏறியது. சந்தனத் தலை அவன் நெஞ்சில் சாய்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க மாமா" என்று யாரோ அழகிரியைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஊசி இறங்கியதும் பிள்ளை, "அம்மா" என்று அலறினான். கூட்டத்தில் சீர்த்தட்டோடு நின்ற வள்ளிக்கண்ணு, தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டாள். அதற்குள் அமிர்தம் குனிந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். வள்ளிக்கண்ணு நின்றாள். பிறகு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த வெற்றிலையையும் பழத்தையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். அழகிரி மடி காலியாகி, மனையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை தேம்பிக்கொண்டே அவளிடம் வந்தான். அமிர்தம்தான் அனுப்பியிருந்தாள்.

"அத்தை, வலிக்குது."

"எங்க, காட்டு." குந்தி உட்கார்ந்து, சிவந்திருந்த காதுமடலில் மெதுவாக ஊதினாள். "இப்ப?"

"இன்னும் வலிக்குது."

மறுபடி ஊதினாள். அவன் தேம்பல் அடங்குகிறவரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் பலூனைப் பார்த்து ஓடிவிட்டான்.

சாயங்காலம் சாப்பாடு முடிந்து திரும்பினார்கள். மாரியாயி மகளோடு லால்குடிக்குப் போய்விட்டதால் பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேர்தான். அழகிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். டிக்கெட் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் முன்னால் போனதும், மெதுவாகச் சொன்னான்:

"தப்புப் பண்ணிட்டேன் வள்ளி."

அவள் டிக்கெட்டை முந்தானையில் முடிந்தாள்.

"நாளைக்கே போவோம். நான் அக்காகிட்ட கேக்கறேன். காலுல விழுந்தாவது கேக்கறேன். கூட்டிக்கிட்டு வந்துருவோம்."

"வேணாங்க."

"ஏன்?"

"ஏழு மாசத்துல தூக்கிட்டு வந்திருந்தா ரெண்டு நாளு அழுதிருப்பான். அப்புறம் மறந்திருப்பான். இப்ப மறக்க மாட்டான். அம்மா எங்க, அம்மா எங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான். தூக்கம் வராது அவனுக்கு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம்புள்ளைக்கு அது வேணாம்."

பஸ் கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறியது. தை மாதத்து ஆறு மணலாகக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. அழகிரி துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வள்ளிக்கண்ணு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாலம் முடிகிறவரை விடவில்லை.

"நாளைக்கு முகூர்த்தம்" என்றாள் பிறகு. "இலை நெறையாக் கேப்பாங்க. வெள்ளனே எந்திரிக்கணும்."